ஐந்தாவது லைசென்ஸ் எங்கே?

வியாழக்கிழமை காலை, குரோய்டன். விக்னேஸ்வரனின் கட்டட வரைபட அலுவலகத்தில் வரைபட மென்பொருளின் ஐந்தாவது லைசென்ஸைக் காணவில்லை.

அங்கே வரைபடம் வரையும் நகுலேஸ்வரியின் திரையில் ஒரே ஒரு வரி: ஐந்தும் பாவனையில் உள்ளன. ஆனால் வரைந்துகொண்டிருந்தவர்கள் நாலே பேர். அவள் முடிக்க வேண்டிய பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடம் பின்னேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு நிறுவனத்துக்குப் போய்விடும்.

மென்பொருளைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தது. எந்த வகை லைசென்ஸ் வாங்கலாம் என்று ஆலோசனை சொல்ல சுவர்ணா வந்திருந்தாள். சிங்கப்பூர்க்காரி, படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவள். வந்த வேலையை ஒதுக்கிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள்.

"இப்ப எந்த வகை வச்சிருக்கீங்க?"

"பொது லைசென்ஸ்," என்றார் விக்னேஸ்வரன். "எட்டுப் பேருக்கு அஞ்சு. ஆரும் எடுக்கலாம். முடிச்சதும் சேர்வருக்குத் திரும்பிப் போயிடும்."

"அஞ்சாவது யார் பேர்ல போயிருக்கு?"

"எங்களிட்டை வேலை செய்யிற சுஜீத்தின்ர லேப்டாப்." விக்னேஸ்வரன் அலுமாரியைக் காட்டினார். "அதுதான் எனக்கு விசர் வருகுது. அந்த லேப்டாப் இந்த அலுமாரிக்குள்ள இருக்கு. நேற்று நான்தான் வைச்சுப் பூட்டினன். திறப்பு என்னட்டை மட்டும்தான்."

திறந்து காட்டினார். லேப்டாப் மூடியபடி, குளிர்ந்து கிடந்தது.

"மூடின லேப்டாப் படம் கீறுமோ? அதின்ர அடையாளத்தை ஆருக்கோ வித்துப்போட்டான். போனும் ஓஃப். இண்டைக்கே அவனை நிப்பாட்டுறன்."

நகுலேஸ்வரி கதிரையை விட்டு எழுந்தாள். "அண்ணை, வேலை போனால் அவன்ர விசாவும் போயிடும். மனுசி வேற பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில."

"நேத்து சுஜீத் எங்க வேலை செஞ்சாரு?" சுவர்ணா குறுக்கிட்டாள்.

"சவுத்தாலில," என்றார் விக்னேஸ்வரன். "ஒரு கட்டடத்தின்ர நிலக்கீழ் அறையை அளந்து, அங்கேயே இருந்து கீறினவன். பின்னேரம் இஞ்ச வந்து லேப்டாப்பை மேசையில வைக்க, ஆஸ்பத்திரியில இருந்து போன் கோல். அப்பிடியே ஓடிட்டான்."

"அந்த அறையில இன்டர்நெட் இருந்துச்சா?"

"இன்டர்நெட்டோ? போன் சிக்னலே இல்லை. நான் எத்தனை தரம் அடிச்சும் கிடைக்கேல்லை."

சுவர்ணாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"அப்ப யாரும் திருடல, சார். சேர்வரைத் தொடவே முடியாத இடத்துல அவரு எப்படி வரைஞ்சாரு? பொது லைசென்ஸ்ல ஒரு வசதி இருக்கு. வெளியே போறவங்க ஒண்ணை இரவல் எடுத்துட்டுப் போகலாம். லேப்டாப்பை மூடினாலும் அது அதுக்குள்ளேயே இருக்கும். திருப்பிக் கொடுத்தாத்தான் சேர்வருக்கு வரும். கொடுக்கிறதுக்குள்ள அவருக்குப் போன் வந்துடுச்சு. லைசென்ஸோட சேர்த்து லேப்டாப்பை வச்சுப் பூட்டினது நீங்கதான்."

விக்னேஸ்வரன் லேப்டாப்பை எடுத்து நகுலேஸ்வரியிடம் நீட்டினார்.

நகுலேஸ்வரி லேப்டாப்பைத் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல்லைப் போட்டு, இரவலைத் திருப்பினாள். மறுகணம் அவளுடைய திரையில் பள்ளிக்கூடம் விரிந்தது.

"வந்திட்டுது அண்ணை!"

விக்னேஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இனி ஆளுக்கொரு லைசென்ஸா வாங்கட்டோ?"

"எதுக்கு? எட்டுப் பேரும் ஒரே நேரத்துல வரையறதில்லையே. பொதுவே போதும். இரவல் மட்டும் ஒரு நாளோட தானா முடியற மாதிரி வச்சுடுங்க."

அவருடைய கைப்பேசி அடித்தது. சுஜீத்.

"அண்ணை, பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம். ஐயோ, அந்த லைசென்ஸைத் திருப்பாமல்..."

"அதை விடடா." விக்னேஸ்வரன் கதிரையில் மெல்ல அமர்ந்தார். "பிள்ளை ஆரைப் போல?"