பஞ்சைக் கடித்தது யார்?

அம்மா தொட்டி தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சுப் பஞ்சை இன்றைக்கும் எதுவோ கடித்திருந்தது.

எலி கடித்தால் பிசிறு பிசிறாகப் பிய்ந்து கிடக்கும். இது அப்படி இல்லை. கத்தரிக்கோல் வைத்து வெட்டியதுபோல வளைவாக, சுத்தமாக, ஒரு துண்டைக் காணோம்.

அம்மாவுக்கு வண்ண மீன் கடையில் தொட்டி கழுவும் வேலை. அங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் தனிப் பஞ்சு. தேய்த்து முடித்ததும் அந்தத் தொட்டியின் மூலையிலேயே செருகி வைத்துவிட வேண்டும். வெளியே வைத்தால் யாராவது சோப்புக் கையால் தொட்டுத் தொலைப்பார்கள். கொஞ்சம் சோப்பு போதும், மீன்கள் மல்லாந்துவிடும்.

கடிபட்டது பின்னறைத் தொட்டியின் பஞ்சு. கடலிலிருந்து புதிதாக வந்த கற்களும் சில மீன்களும் அதில்தான் இருந்தன. அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலிலும் இருட்டுத்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் பொடிசு நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஆள் குட்டையாக இருந்தால் யார் நல்ல பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

"அக்கா, நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அது விலாங்கு," என்றான் வலை அண்ணன். கையில் எப்போதும் மீன் பிடிக்கும் சின்ன வலையோடு திரிகிற கடைப் பையன் அவன். "கல்லு இடுக்குல ஒளிஞ்சுக்கும். விரலைப் பார்த்துச்சுன்னா லபக்!"

"சும்மா இருடா. பிள்ளை பயப்படுது," என்றாள் அம்மா.

வலை அண்ணன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதியையும் விசாரித்துத்தான் நம்ப வேண்டும். அது பொடிசுக்கும் தெரியும். ஆனாலும் தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அம்மா நீளமான இடுக்கியைத் தொட்டிக்குள் விட்டாள். கற்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் துண்டு தெரிந்தது. காணாமல் போன பஞ்சுத் துண்டு. தினமும் அது அங்கேதான் கிடக்கும். அம்மாவும் தினமும் அதை எடுத்துக் குப்பையில் போடுவாள்.

இடுக்கி துண்டைப் பிடித்தது. அம்மா இழுத்தாள்.

துண்டு வரவில்லை.

கொஞ்சம் பலமாக இழுத்தாள். உள்ளே இருந்து எதுவோ திருப்பி இழுத்தது!

"ஐயோ!" அம்மா கையை உதறினாள். துண்டு பிய்த்துக்கொண்டு வந்தது. கல்லுக்கு அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று சரேலென்று மறைந்தது.

அடுத்த நொடி பொடிசு மூலையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பயம் வந்தால் அவள் அப்படித்தான். வீட்டில் போர்வை, கடையில் பேசின். தலைக்கு மேல் ஏதாவது இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தனக்குத் தெரியவில்லை என்று எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்?

"எதுவா இருந்தா என்ன? நாளைக்குக் காலையில மீனை மாத்திட்டு, கல்லையெல்லாம் வெளிய எடுத்து வெயில்ல போடும்மா. உள்ள இருக்கிறது காஞ்சு சாகட்டும்."

"கல்லு கனமா இருக்குமே, ஐயா. இடுக்கியில வராது."

"கையால எடு."

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பொடிசும் பார்த்தாள். சோறு பிசைகிற கை. தலை பின்னிவிடுகிற கை. அதில் ஒரு விரல் குறைந்தால்? பேசினுக்குள் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

'உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அம்மா ஜாக்கிரதையாக எடுப்பாள்,' என்று நினைத்தாள். பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. முதலாளி பார்க்க மாட்டார். வலை அண்ணன் பார்த்தால் திமிங்கிலம் என்பான்.

அம்மா முன்கடையைக் கழுவப் போனாள். போகும்போது தொட்டி மூலையில் புதுப் பஞ்சு ஒன்றைச் செருகிவிட்டு, விளக்கை அணைத்தாள். பொடிசு அலமாரியிலிருந்த டார்ச்சை எடுத்தாள். பேசினைச் சரியாக மாட்டிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

இருட்டு.

காற்றுக் குழாய் 'களக் களக்' என்றது. எங்கோ தண்ணீர் சொட்டியது. டார்ச்சைக் கைக்குட்டையால் மூடி, மங்கலாக வெளிச்சம் வரும்படி பிடித்தாள். மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினாள். சுவரில் கற்களின் நிழல் பெரிய பெரிய பற்களாக ஆடியது.

'போயிடலாம்,' என்றது மனசு. கால்தான் கேட்கவில்லை. தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது.

அப்போது பஞ்சு அசைந்தது.

முதலில் மெதுவாக. பிறகு விடுக் விடுக்கென்று. பஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு கால் வந்தது. ரோமம் அடர்ந்த கால். இன்னொரு கால். இன்னொன்று. சிலந்தியா? தண்ணீருக்குள் சிலந்தியா?

அந்த உருவம் இரண்டு கொடுக்குகளால் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியது. ஒரு துண்டு தனியாக வந்தது. அதன் அடியில் புகுந்து, கடைசிக் கால்களைப் பின்பக்கமாக மடக்கி, துண்டைத் தூக்கி முதுகில் வைத்துப் பிடித்துக்கொண்டது.

நண்டு! உள்ளங்கை அகல நண்டு.

பொடிசு மூச்சு விட்டாள். அந்த அசைவில் கைக்குட்டை நழுவி விழுந்தது. பளீரென்று வெளிச்சம் பாய்ந்தது.

கடிக்க வரும் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதுவும் வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

நண்டு அசையாமல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மஞ்சள் பஞ்சை முன்னால் இழுத்து முகம்வரை மூடியிருந்தது. ஓரத்தில் இரண்டு சின்னக் கண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சுக்கு அடியில் ஒன்று. இந்தப் பக்கம் பேசினுக்கு அடியில் ஒன்று.

"நீயுமா?" என்றாள் பொடிசு.

"பொடிசு! எங்கடி போனே?" கதவு திறந்தது. அம்மா விளக்கைப் போட்டாள். பின்னாலேயே வலை அண்ணனும் முதலாளியும் வந்தார்கள்.

"அம்மா, விலாங்கு இல்லம்மா. நண்டு. அது பஞ்சைத் திங்கலை, தொப்பியா போட்டுக்குது. நீதான் தினமும் அதோட தொப்பியைப் பிடுங்கிக் குப்பையில போட்டுட்டு இருந்தே!"

முதலாளி குனிந்து பார்த்தார். "அட! பஞ்சு நண்டு. கடல்ல இருக்கிற உயிருள்ள பஞ்சை வெட்டி முதுகுல சுமக்கும். பெரிய மீன் வந்தா அடியில ஒளிஞ்சுக்கும். கல்லோட கல்லா வந்திருக்கு. ஆனா அந்தக் கல்லுல கடற்பஞ்சு இருந்திருக்கணுமே..."

அம்மா முந்தானையைத் திருகினாள். "ஊதா நிறத்துல மெத்து மெத்துன்னு ஒண்ணு இருந்துச்சு. கல்லுலயும் இருந்துச்சு, ஒரு துண்டு தனியாவும் கிடந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டேன், ஐயா."

"அழுக்கா? அதுக்கும் உயிர் இருக்கும்மா!"

"பளபளன்னு தேய்க்கச் சொன்னது நீங்கதானே?"

முதலாளி வாயைத் திறந்தார். மூடினார். மீன்களில் ஒன்றும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

"சரி, நண்டுதானே. இருந்தாலும் கல்லை வெயில்ல போட்டுடலாம்," என்றார் பிறகு. "இது மீனைப் பிடிச்சுத் தின்னா யாருக்கு நஷ்டம்?"

முதலாளியிடம் பொடிசு இதுவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. பேசினின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மீன் எதுவும் குறையலையே, மாமா. பஞ்சு மட்டுந்தானே குறைஞ்சுது? அதுக்குத் தொப்பி இருந்தா யார் வம்புக்கும் வராது. பயந்ததுங்க கடிக்காது, மாமா. ஒளிஞ்சுக்கும். எனக்குத் தெரியும்."

முதலாளி பேசினைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். மறுபடியும் பேசினைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? சரி, இருந்துட்டுப் போகட்டும். கடற்பஞ்சு ஒட்டின கல்லு ஒண்ணு அனுப்பச் சொல்றேன். இதோட சொந்தக்காரங்களும் இப்படித்தான். ஒருத்தன் சிப்பி ஓட்டைச் சுமப்பான். இன்னொருத்தன் முள்ளு முள்ளா இருக்கிற கடல் முள்ளெலியையே தூக்கிட்டு அலைவான்."

"குடும்பமே பயந்தாங்கொள்ளியா?" என்று சிரித்தான் வலை அண்ணன். சிரித்துக்கொண்டே தொட்டிக்குள் கையை விட்டான். நண்டு லேசாக நகர்ந்தது. அவ்வளவுதான். "அம்மாடி!" என்று அலறிக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

புதுக் கல் வந்தபோது அதில் ஊதாக் கடற்பஞ்சு தளதளவென்று இருந்தது. தொட்டிக்குள் இறக்கும்வரை கல்லைக் கடல்நீரில் வைத்திருக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்றார் முதலாளி. பொடிசு தன் நீலப் பேசினைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதைப் பல தடவை அலசி, கடல்நீர் ஊற்றி, கல்லை உள்ளே வைத்தாள்.

அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. பின்னறை கும்மிருட்டானது.

பொடிசின் கை தானாகப் பேசினைத் தேடிப் போனது. பேசினில் தண்ணீர் இருந்தது, கல் இருந்தது. எடுக்க முடியாது. ஆனாலும் நின்றாள். ஏனென்றால், யாரோ அவளுடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொடிசு, நீ பக்கத்துலதானே இருக்கே?" என்றது வலை அண்ணனின் குரல்.

"இருக்கேண்ணா. பயப்படாதீங்க."

வெளிச்சம் வந்தபோது அவள் தலையில் ஒன்றும் இல்லை. வலை அண்ணன் மட்டும் தன் மீன் வலையைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு நின்றான்.