உள்முடி

சீவச் சீவ அந்த நாய் குறையவே இல்லை.

மூக்கையாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். காலை ஏழு மணிக்குக் கிணற்றடிக் கல்லில் நாயை நிறுத்தி, இரும்புச் சீப்பால் கழுத்திலிருந்து வாலடி வரைக்கும் இழுக்க இழுக்க, வெயில் முதுகில் ஏறுவதற்குள் ஒரு கோணிச் சாக்கு நிறைய முடி சேர்ந்துவிடும். சாம்பலும் வெள்ளையும் கலந்த, பஞ்சைவிட மெல்லிசான, மூச்சுப் பட்டாலே எழுந்து பறக்கிற முடி. இன்னொரு நாயையே செய்துவிடலாம், அம்புட்டு முடி. நாய் மட்டும் இருந்தபடியே இருந்தது. விரலை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. அடியில் தோல் தட்டுப்படவில்லை.

அது மலைநாய். கொடைக்கானல் பக்கம் காப்பித் தோட்டம் பார்த்துவந்த இருதயநாதன், ஓய்வு பெற்றுத் திண்டுக்கல்லுக்கு இறங்கியபோது கூட்டி வந்தது. கப்பலேறிப் போன துரை ஒருத்தன் விட்டுப் போனதாம். பேரு கர்னல். குளிரில் வளர்ந்த உடம்பு, ஐம்பத்தாறாம் வருசத்துச் சித்திரை வெயிலில் வந்து விழுந்ததும் மேலெல்லாம் உதிர்க்க ஆரம்பித்துவிட்டது. சன்னல் திரையில் முடி, குடிதண்ணிப் பானையில் முடி, மாதா படத்துக் கண்ணாடிமேல் முடி.

எப்படிப் பார்க்கவேண்டும் என்று இருதயநாதன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருந்தார். உதிர்வது உள்முடி, மேல்முடி நிற்கவேண்டும். முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு எதிர்ப்பக்கமாகப் பிரஷ். வாரத்துக்கு ஒருதரம் வெதுவெதுப்பான தண்ணீர், சோற்றில் ஒரு முட்டை. கத்தரி மட்டும் படவே கூடாது, வெயிலுக்கு அந்த முடிதான் அதற்குக் குடை. ரெண்டு மாசம் பொறுமையாகச் சீவினால் தானாக நிற்கும் என்றார். மூக்கையா அப்படியேதான் செய்தான். நாய்க்கும் அது பிடித்திருந்தது. சீப்புக் கழுத்தில் பட்டதும் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். வால் கல்லில் மூணுதரம் அடிக்கும். டொப், டொப், டொப். ஒவ்வொரு இழுப்புக்கும் மூணு.

ரெண்டு மாசம் அவனுக்குக் கிடைக்கவில்லை. இருதயநாதன் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்து அம்மாள் காப்பியிலிருந்து நீளமாக ஒரு முடியை எடுத்து, எல்லாரும் பார்க்க, டவரா விளிம்பில் ஒட்டிவைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் இருதயநாதன் சம்சாரம் அமலராணி கிணற்றடிக்கு வந்தாள். மூக்குவரை முந்தானை.

"தோல் ஷாப்பில இருபது வருசம் முடி எடுத்தவன்னுதானே உன்னைச் சேர்த்தோம்? அத்தனை மாட்டுக்கு எடுத்தவனுக்கு ஒத்த நாய்க்கு எடுக்கத் தெரியலையாக்கும். ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். பந்தியில ஒரு முடி பறந்துச்சு, நீயும் உன் இருமல்காரியும் அன்னைக்கே சாமானைக் கட்டிரணும்."

இருமல்காரி என்றது மாயம்மாளை, அவன் பெண்டாட்டியை. தோட்டத்துக் கடைசியில் தகரம் போட்ட கொட்டகையில் கிடந்தாள். ரத்தமாகத் துப்ப ஆரம்பித்த பிறகு ரெண்டு வளவுக் குடியிருப்பிலிருந்து அவர்களைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையும் போனால் ரயிலடிதான். ரயிலடியில் அவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அமலராணிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இருதயநாதன் மலையில் உள்ள சிநேகிதர்களை அழைக்கப் பஸ் ஏறினார். மூக்கையா தான் முன்னே வேலை பார்த்த, தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போனான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைக் கட்டைமேல் போட்டு, முனை மழுங்கின கத்தியால் தள்ளினால் முடி பாசிமாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இருபது வருசம் அதுதான் அவன் பிழைப்பு. மேஸ்திரி சனாவுல்லாவிடம், கொட்டகைக்கு வெள்ளையடிக்க என்று பொய் சொல்லி ஒரு டின் சுண்ணாம்புச் சேறு வாங்கினான். முடி கழற்றுகிற மஞ்சள் மருந்து கலந்தது அப்பு, கையை நல்லாக் கழுவிக்கோ என்றார் சனாவுல்லா.

செத்த தோலுக்கும் உசிருள்ள தோலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவன் இல்லை அவன். அதனால்தான் தண்ணீர் விட்டு இளக்கினான். அதனால்தான் முதலில் தன் புறங்கையில் தடவிப் பார்த்தான். எரியவில்லை. மோர் தடவின மாதிரிக் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் கை, எரிகிற பீடியை உள்ளங்கையில் வைத்து அணைக்கிற கை. சுண்ணாம்பு அதன் ரேகையையெல்லாம் தின்று வருசங்கள் ஆகியிருந்தன. அதை அவன் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

நக்கிவிடக் கூடாதென்று வாயைத் துணியால் கட்டினான். நாய் கட்டவிட்டது. கழுத்தில் கை பட்டதும் சீவப்போகிறான் என்று நினைத்து வாலை அடித்தது. சேற்றை உள்முடி வரைக்கும் இறங்க இறங்கத் தேய்த்தான். பத்து நிமிசம், பிறகு பத்து வாளித் தண்ணீர் என்பது அவன் கணக்கு.

மூணாவது நிமிசம் அமலராணி கூப்பிட்டாள். கோயிலிலிருந்து பெஞ்சு வந்திருக்கிறது, வண்டிக்காரன் நிற்கிறான், உடனே வா. இந்தா வாரேன் என்றான். இப்பவே வாடா என்றாள். நாய்க்கு மருந்து போட்டிருக்கிறேன் என்று சொன்னால் என்ன மருந்து என்று வந்து பார்ப்பாள். போனான். பன்னிரண்டு பெஞ்சு. அப்புறம் பந்தலுக்குக் கால் ஊன்றுவது. மில்லில் மத்தியானச் சங்கு ஊதியபோதுதான் அவன் கை நின்றது.

கிணற்றடியில் சத்தமே இல்லை. கட்டின வாய்க்கு ஏது சத்தம். நாய் அதே கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தது. நாலு காலும் நடுங்க, கண் ரெண்டும் அவன் வருகிற வழியிலேயே நிலைத்து நின்றன. ஷாப்பு நாற்றம் அடித்தது. தண்ணீரை ஊற்றினான். முடி மொத்தமும் கம்பளி நழுவுகிற மாதிரி ஒரு பக்கமாக நழுவியது. அதோடு மற்றதும் வந்தது. கழுத்தைப் பிடித்து நிறுத்தப் போனான். பழக்கத்தில் கல்லில் கிடந்த சீப்பையும் கையில் எடுத்திருந்தான். சீப்புப் பட்டதும் நாய் கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

டொப். டொப். டொப்.

பொழுது சாய்கிறவரைக்கும் அது அடித்துக்கொண்டிருந்தது.

சீவின முடியைப் புதைக்கிற குழியிலேயே நாயைப் போட்டு மூடினான். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொன்னான். அமலராணி அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஷாப்பு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சனியன் தொலைஞ்சுச்சு. ஐயாகிட்ட நீயே சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, பொண்டாட்டிக்குக் கொடு என்று ஒரு தூக்கு வெஞ்சனமும் கொடுத்தனுப்பினாள். கொட்டகை நிலைத்தது. அன்றைக்கு அவன் தூங்கவும் செய்தான்.

சனிக்கிழமை வீடெல்லாம் துடைத்தார்கள். ஒரு முடி இல்லை. மாயம்மாளின் கஞ்சியில்தான் கிடந்தது, சாம்பலும் வெள்ளையுமாக ஒன்று. எடுத்துப் போட்டான். அடுத்த வாய்க்கு இன்னொன்று. அவள் தலையணையைத் தட்டினான், பாயை உதறினான், வேட்டியைப் பிழிந்து காயப்போட்டான். சீப்பைத் துருப்போகத் தேய்த்துக் கொட்டகை ஆணியில் மாட்டினான். திரும்பிப் பார்த்தபோது அதன் பல்லில் முடி இருந்தது.

அன்று சாயங்காலம் வந்த இருதயநாதன், ரயில் ரோடு வரைக்கும் சீட்டி அடித்துக்கொண்டே தேடிப் போனார். அந்தச் சீட்டி கேட்கும்போதெல்லாம் மாயம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பந்தலில் இலை போட்டாயிற்று. கறிக்குழம்பு வாசனையும் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பும் கொட்டகை வரைக்கும் வந்தன. தகரத்துக்குக் கீழே காற்று கொதித்தது. மாயம்மாள் இருமவே இல்லை. காலையிலிருந்து ஒரு இருமல்கூட இல்லை. அவன் அதைக் கவனித்தபோது சந்தோசப்படத் தோன்றவில்லை.

"தலை ஊறுது. செத்த நேரம் சீவி விடுய்யா" என்றாள்.

அவள் சீப்பு எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஆணியில் இருந்ததை அவளே கண்ணால் காட்டினாள். வேண்டாம் புள்ள என்றான். அவள் திரும்பிப் படுத்து, பின்னந்தலையைக் கொடுத்தாள்.

முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை. ரெண்டாவது இழுப்பில் கொத்தாக வந்தது. மாயம்மாளுக்குக் கருமுடி. பனைநார் மாதிரி முரட்டுமுடி. கையில் வந்தது அதல்ல. சாம்பலும் வெள்ளையும். பஞ்சைவிட மெல்லிசு. தூர எறிந்தான். இன்னொரு இழுப்பு. இன்னும் வந்தது. நிறுத்த நினைத்தான். கை நிற்கவில்லை. மடி நிறைந்தது. பாய் நிறைந்தது. அவள் தலை குறையவே இல்லை.

விரலை விட்டுப் பார்த்தான்.

மணிக்கட்டு வரைக்கும் போனது.

அடியில் தலை தட்டுப்படவில்லை. ஈரம். சூடு. கை எரிந்தது. இருபது வருசத்துக்கு அப்புறம், முதல்தரமாக, எரிந்தது.

"புள்ள" என்றான். அவள் வாய் திறக்கவில்லை. கட்டின மாதிரி உதடு ரெண்டும் உள்ளே மடிந்திருந்தன.

வெளியே காற்று எழுந்தது. மடியில் இருந்தது எழுந்தது. பாயில் இருந்தது எழுந்தது. கதவிடுக்கு வழியே, முருங்கை மரத்தைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, கொத்துக் கொத்தாகப் பந்தலைப் பார்த்துப் போனது. பந்தியில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ஒரு பொம்பளை குமட்டினாள். யாரோ பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அமலராணி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். செருப்புச் சத்தம் கொட்டகையை நோக்கி வந்தது.

அவன் கை இழுத்துக்கொண்டிருந்தது.

மாயம்மாள் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். பாய்க்கு வெளியே கிடந்த அவள் கை மெதுவாகத் தரையிலிருந்து எழும்பியது.

டொப். டொப். டொப்.