எட்டு மில்லிமீட்டர்

செவ்வாயில், செவ்வூர்க் குமிழுக்குள் நுழைகிற யாரும் வெளிக்கதவின் முன் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். முகத்தையும் குரலையும் எந்திரங்கள் அச்சு அசலாகப் போலி செய்யத் தொடங்கிய பிறகு, கதவு அவற்றை நம்புவதில்லை. பேசும்போது வாய்க்குள் நாக்கு எங்கெங்கே தொட்டு விலகுகிறது என்பதைக் கதிரால் படித்து, பதிவேட்டிலுள்ள ‘நாவழி’யோடு ஒப்பிட்டுத்தான் திறக்கும். மனிதனின் நாக்கை நம்பி ஓர் ஊரே நடந்தது, வேடிக்கைதான்.

அன்று கதவுக்கு வெளியே நின்றவள் வாசுகி. கண்ணாடிக்கு உள்பக்கம் அவளுடைய அம்மா கோமளம். பக்கத்தில் திலகவதி, வேற்றூர்ச் சம்பந்தி. வரப்போகும் மருமகள் பயிற்சி முடிந்து திரும்புகிறாள் என்று நேரில் பார்க்க வந்திருந்தாள்.

பயிற்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாசுகிக்குக் கீழ்த்தாடை சற்று முன்தள்ளியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படத்தில் கோமளம் அதை எந்திரத்தை விட்டுத் திருத்தியிருந்தாள். படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆகவே படத்துக்கு ஏற்றபடி முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

தூரத்து மருத்துவமனை ஒன்றில் தாடையை அறுத்து எட்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பொருத்தினார்கள்.

"நாக்குக்கு இடம் குறைஞ்சிருக்கு. ஆறு மாசத்துக்கு ‘ச’ எல்லாம் சறுக்கும். நாவழிப் பதிவை மாத்திடலாமா?" என்று மருத்துவர் கேட்டார்.

பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம் டாக்டர்" என்றாள் கோமளம்.

வாசுகியைக் கதவருகே இறக்கிவிட்ட வண்டி போய்விட்டது. முதுகுக்கலத்தில் பதினாறு நிமிடக் காற்று மிச்சம்.

"வாசுகி பரஞ்சோதி" என்றாள். நாக்கின் நுனி பழைய இடத்தைத் தேடிப் போய்ப் பல்லில் இடித்தது. ‘சு’ வெறும் சீறலாக வந்தது. கதவு அசையவில்லை. இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மூன்றாம் முறை அழுகையோடு சொன்னாள். அதற்குமேல் கதவு காது கொடுக்காது.

காவலர் சபேசன் கோமளத்திடம் ஓடிவந்தார். "உங்க பொண்ணுதான்னு எனக்குத் தெரியுதும்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன, கதவுக்குத் தெரியணுமே. நாவழி ஏன் மாறுச்சுன்னு பதிவேட்டுக்கு நீங்க வாயால சொல்லுங்க. உடனே திறந்துடும்."

கோமளம் ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தாள். "அவளுக்கு ஜலதோஷம். அதான்."

"ஜலதோஷத்துக்கு நாக்கு இடம் மாறாதும்மா."

"கொஞ்சம் இருங்க. சொல்றேன்."

சம்பந்தி நகர்ந்தால் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். திலகவதி நகரவில்லை. வாசுகி கண்ணாடியைத் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கோமளம் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை. இப்படியே பதின்மூன்று நிமிடம் போயிற்று. வாசுகி பக்கவாட்டில் சாய்ந்தபோதுதான் கோமளம் அலறினாள்.

"தாடையில ஆபரேஷன் பண்ணினோம்!"

கதவு திறந்தது. சபேசன் வாசுகியை உள்ளே இழுத்துப் போட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினார். உதடு நீலம் பாரித்திருந்தது. மெல்ல மூச்சு வந்தது.

திலகவதி குனிந்து வாசுகியின் தாடையோரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. அவ முதல் தடவை பேர் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பயப்படாதீங்க, ‘ச’ திரும்பிடும். எனக்கு அஞ்சே மாசத்துல வந்துடுச்சு."

கோமளத்துக்கு உயிர் வந்தது. "அப்போ கல்யாணம்?"

"அதெப்படி சம்பந்தியம்மா? என்னோடது இந்தக் கதவெல்லாம் வர்றதுக்கு முன்னாடி நடந்தது, யாருக்கும் தெரியாது. இது பதிவேட்டுல ஏறிடுச்சே. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டுத் திலகவதி கிளம்பிப் போனாள்.

கோமளம் மகளின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பெத்த அப்பன் வெச்ச பேரு. ஒரே ஒரு தடவை ஒழுங்காச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

வாசுகி அவளையே பார்த்தாள். ‘அம்மா’ என்று சொல்ல நாக்கு புரள வேண்டியதே இல்லை; உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தால் போதும். அதைக்கூட அவள் சொல்லவில்லை.