கட்டம் கட்டமாய் ஒரு கடைசி ராகம்

சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தில்... கட்டங்கள்!

சுரம் எழுதும் ஐந்து படுக்கைக் கோடுகள் சரியாக இருந்தன. அவற்றின் மேல் வரிசையாக வெற்றுக் கட்டங்கள்.

அவள் அண்ணனின் கம்ப்யூட்டர் திரையையே பார்த்தாள். இதே மேஜையில்தான் முந்தாநாள் அண்ணன் தலை சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் தூக்கமாத்திரை கலந்த காபி. திரையில் அவனுடைய புதிய இசை என்று இதே ஃபைல். அதன் கீழே ஒரு வரி.

'இத்துடன் என் இசை முடிகிறது.'

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள்.

"தற்கொலைன்னு எழுதி இன்னிக்கே மூடிடறேம்மா." இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தட்டினார்.

"இருங்க சார். இந்தக் கட்டம் ஏன்னு தெரியணும்."

"கம்ப்யூட்டருக்கும் துக்கமா இருக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. அண்ணனின் இசையை வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து அச்செடுப்பது பத்து வருடமாக அவள் வேலை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தாள். சுரங்கள் பளிச்! இன்னொன்று. பளிச்!

இது மட்டும் கட்டம்.

வாசலில் நிழல். வயலின்காரர். அண்ணனின் இருபது வருட நண்பர். தோளில் லாப்டாப் பை.

"என்ன பாப்பா, சாப்பிட்டியா?"

"மாஸ்டர், அண்ணனோட கடைசி ஃபைல் கட்டமாத் தெரியுது."

"அந்த மெஷின் ஓட்டை! இங்க கொண்டா."

அவள் நீட்டிய பென் டிரைவைத் தன் லாப்டாப்பில் செருகினார். திறந்தார்.

"பாரு... முத்து முத்தா இருக்கு!"

இருந்தது. லேசாய்ச் சாய்ந்த, வால் நீண்ட சுரங்கள்.

"உங்க கையெழுத்து மாதிரி இருக்கே மாஸ்டர்?"

"மாதிரி என்ன, அதேதான்! ரெண்டு மாசம் உக்காந்து நானே ஃபான்ட்டா செஞ்சேன். போன வாரம்தான் முடிஞ்சுது. உலகத்துலயே இந்த ஒரு மெஷின்லதான் இருக்கு!"

"லாப்டாப்பை யாருக்காவது குடுத்தீங்களா?"

"பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி பாப்பா. யாருக்கும் தரமாட்டேன்."

சொல்லி முடித்ததும்... அவர் முகம் வெளுத்தது!

அவள் குரல் உயரவில்லை. அச்சுப்பிழையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"சார், இந்த சாஃப்ட்வேர் சுரத்தைப் படமா வரையாது. ஒவ்வொரு சுரமும் ஃபான்ட்ல ஒரு எழுத்து. எந்த ஃபான்ட், அதுல எத்தனாவது எழுத்து... ஃபைல்ல இதுதான் இருக்கும். மெஷின்ல அந்த ஃபான்ட் இல்லைன்னா வெறும் கட்டம். கோட்டை மட்டும் சாஃப்ட்வேரே போட்டுக்கும்."

"அப்படின்னா..."

"அண்ணன் இந்த இசையையும் எழுதல, கீழ இருக்கிற அந்தக் கடைசி வரியையும் எழுதல. இவரு லாப்டாப்ல எழுதி, இங்க கொண்டுவந்து வெச்சிருக்காரு."

"போன வாரம் உங்கண்ணன் இவரைக் குழுவை விட்டே தூக்கிட்டாருன்னு சொன்னீங்க, இல்ல?" இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

வயலின்காரர் லாப்டாப்பை மூடப் போனார். இன்ஸ்பெக்டரின் கை அதற்குள் நடுவில் இருந்தது!

"பாப்பா... அவன் என்னை வெளிய போகச் சொன்னான்டி..."

அவள் தன் முன்னால் ஆறிப்போயிருந்த டீயை நகர்த்தி வைத்தாள்.

"இந்தக் கட்டத்தை எப்படிம்மா சரி பண்றது?"

"அவரு ஃபான்ட்டை இந்த மெஷின்ல ஏத்தினாப் போதும் சார், சுரம் வந்துடும். ஆனா கோர்ட் பார்க்கிற வரைக்கும் கட்டமாவே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"கவலைப்படாதீங்க மாஸ்டர். கோடு பார்த்துப் பழகின கண்ணுதானே? இதுவரைக்கும் கோடு படுத்திருந்துச்சு... இனிமே ஜெயில் கம்பியா நின்னிருக்கும்!"