அலமாரிக்குள் வளர்ந்த செடி

ஆறாம் வகுப்பில் முடிவுதான் முதலில் வந்தது. விதை பிறகுதான் வந்தது.

‘வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வளராது’ என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான், அறிவியல் சார் பயறு விதைகளையே கொடுத்தார்.

இரண்டு டப்பாக்களில் மண் நிரப்பி விதைத்தார்கள். ஒன்றை ஜன்னலோரம் வைத்தார்கள். மற்றொன்றைப் பழைய வரைபடங்கள் கிடக்கும் அலமாரிக்குள் வைத்து மூடினார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை முள்ளுவுக்கு.

முள்ளு என்பது அவள் பெயரில்லை. எதையாவது கேட்டுக் குத்திக்கொண்டே இருப்பாள் என்று வகுப்பு வைத்த பட்டம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பூவுக்கு யார் பயப்படுகிறார்கள்?

பத்து நாள் போனது. மறுநாள் அறிவியல் கண்காட்சி. கல்வி அதிகாரி வருகிறார். சார் அலமாரியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே இருந்த செடி ஜன்னல் செடியைப் போல இரண்டு மடங்கு உயரம். நூல் போல மெலிந்து, வெளிறிய மஞ்சளாக, நெட்டுக்குத்தாக நின்றது.

“இது எப்ப இப்படி ஆச்சு?” என்றார் சார்.

“தினமும் ஆச்சு சார். ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம் பாக்கலாம்னீங்க.”

சார் அட்டையைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். இரண்டு டப்பாக்களிலும் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒன்றில் ‘வெளிச்சம்’, மற்றொன்றில் ‘இருட்டு’.

“சரி. சீட்டை மாத்தி ஒட்டிடு.”

“எதுக்கு சார்?”

“உயரமா இருக்கிறது வெளிச்சத்துல வளர்ந்தது. குட்டையா இருக்கிறது இருட்டுல வளர்ந்தது. அவ்வளவுதான்.”

“ஆனா அது அப்படி வளரலையே.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சு அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அவன் எதற்கும் பயப்படுபவன். முள்ளு அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“போன வருஷம் கண்காட்சியில நம்ம எரிமலை மாடல் என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா?” என்றார் சார்.

இருந்தது. எரிமலை பொங்கவில்லை. சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகியது. எல்லோர் முன்னாலும் சாருக்குத்தான் திட்டு விழுந்தது.

“இந்தத் தடவையும் என்னால தலைகுனிஞ்சு நிக்க முடியாது. சீட்டை மாத்து. இல்லன்னா அந்தச் செடி குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.”

முள்ளு எழுந்துபோய் அலமாரிச் செடியை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டாள்.

“மாத்த மாட்டேன் சார். குப்பையிலயும் போட விடமாட்டேன்.”

“அப்ப அதையும் தூக்கிட்டு வெளியே நில்லு. பெல் அடிக்கிற வரைக்கும்.”

நின்றாள். டப்பாவைத் தாழ்வாரத்துச் சுவர்மேல் வைத்து, பக்கத்தில் காவல்காரியைப் போல நின்றாள். கால் வலித்தது. முகத்தில் காட்டவில்லை.

முதலில் வாட்ச்மேன் வந்தார். “என்னம்மா, செடிக்கும் சேர்த்துத் தண்டனையா?”

“ஆமாண்ணே. ரெண்டு பேரும் பொய் சொல்லல.”

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு வந்தான். கையில் பாதி ரொட்டி.

“ஒரு சீட்டுதானே, மாத்திட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“நீ ஒருத்திதானே?”

“இப்ப நீயும்தான்.”

பஞ்சு கொஞ்சம் யோசித்தான். ரொட்டியைக் கொடுத்துவிட்டு டப்பாவைக் குனிந்து பார்த்தான். “ஏய், இது ஏன் சாயுது?”

முள்ளு திரும்பினாள். காலையில் நெட்டுக்குத்தாக இருந்த தண்டு, மைதானத்துப் பக்கம் லேசாக வளைந்திருந்தது. வெயில் அந்தப் பக்கம்தான் இருந்தது.

“தொடாதே,” என்றாள் அவள். “காத்துகூடப் படாம மறைச்சு நில்லு.”

அதன்பிறகு சாப்பாட்டு நேரம் முடியும்வரை பஞ்சுவும் நின்றான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்டனை இல்லாமலேயே வெளியே நின்றான்.

கடைசி மணி அடித்ததும் சார் வந்தார். குப்பைத் தொட்டியோடு வந்தார்.

“முடிவு பண்ணிட்டியா?”

“நான் பண்ணல சார். அது பண்ணிடுச்சு. பாருங்க.”

சார் குனிந்தார். தண்டு இப்போது நன்றாகவே வெளிச்சத்தின் பக்கம் வளைந்திருந்தது. மஞ்சள் இலையின் ஓரத்தில் மெல்லிய பச்சை ஏறியிருந்தது.

“நீ சாய்ச்சு வெச்சியா?”

“தொடவே இல்ல. வேணும்னா பஞ்சுவைக் கேளுங்க.”

வகுப்பு வாசலில் பையோடு நின்ற பஞ்சு அதை மார்போடு அணைத்துக்கொண்டான். ஆனாலும் வாயைத் திறந்தான். “யாரும் தொடல சார். சாப்பாட்டு நேரம் முழுக்க நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

சார் குப்பைத் தொட்டியைக் கீழே வைத்தார். பிறகு வகுப்புக்குள் போனார். அட்டை கிழியும் சத்தம் கேட்டது.

மறுநாள் சுவரில் புது அட்டை இருந்தது. ‘வெளிச்சம் இல்லாவிட்டால் செடி என்ன செய்யும்?’ அதன் கீழே வெறும் வெள்ளை.

கல்வி அதிகாரி இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். “இருட்டுல இருந்தது எப்படிங்க இவ்வளவு உயரம்?”

சார் முள்ளுவைக் கைகாட்டினார். “அவளைக் கேளுங்க. எனக்கு முன்னாடியே பாத்தது அவதான்.”

“வெளிச்சத்தைத் தேடி அவசரமா ஓடியிருக்குன்னு நினைக்கிறேன்,” என்றாள் முள்ளு. “அதான் இளைச்சுப் போச்சு. சரியான்னு தெரியல. அலமாரியில இன்னும் மூணு டப்பா வெச்சிருக்கோம். அதுலயும் இப்படித்தான் ஆகுதான்னு பாக்கணும்.”

“முடிவே எழுதலையே,” என்றார் அதிகாரி, வெள்ளை இடத்தைக் காட்டி.

“இன்னும் வரலையே சார். வந்ததும் எழுதுறோம்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார். முள்ளு டப்பாவைச் சற்றே திருப்பி வைத்தாள். அதில் ‘இருட்டு’ என்ற சீட்டு, ஒட்டிய இடத்திலேயே இருந்தது.