தாலிகட்டுப் படத்தில் இல்லாதவர்

நிழல் திரும்பி வந்திருந்தது.

அருந்தவன் அதை அழித்திருந்தான். முதலில் ஆளை அழித்தான், பிறகு ஆளின் நிழலை. ஆளை எடுத்துவிட்டு நிழலை மறந்துபோவது கற்றுக்குட்டிகள் விடும் பிழை. அவன் கற்றுக்குட்டி அல்ல. ஆனாலும் இப்போது திரையில், மணவறைத் தூணின் அடியில் தொடங்கி, தாலி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் முழங்கால் வரைக்கும், வெள்ளை மணலின் மேல் ஒரு பெண்ணின் நிழல் நீண்டு கிடந்தது. அதன் வலது கை உயர்ந்திருந்தது. நிழலுக்குரிய ஆள் படத்தில் இல்லை. தூண் இருந்தது. தூணுக்குப் பின்னால் கடல் இருந்தது.

சேமிக்க மறந்திருப்பான். அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில் ஜூலை குளிர்காலம், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புமுன் இருட்டிவிடும். கார் நிறுத்துமிடத்தைத்தான் அவன் வேலை அறையாக மாற்றியிருந்தான். சுவர்கள் மெல்லியவை. நெடுஞ்சாலையின் இரைச்சல் எந்நேரமும் கேட்கும். சூடேற்றியில் தூசி கருகும் மணம் வந்தது. மனைவி ஹம்சா மருத்துவமனையில் மாலை வேலைக்குப் போயிருந்தாள். மேசை விளக்கைத் தவிர வீட்டில் வேறு வெளிச்சம் இல்லை.

திரையில் அழிக்கும் தூரிகையை எடுத்து நிழலின் மேல் ஓட்டினான். மென்பொருள் சற்று யோசித்தது. பிறகு நிழல் கிடந்த இடத்தை மணலால் நிரப்பியது. சுத்தமான மணல். யாரும் கால் வைக்காத மணல். இந்த முறை மறக்காமல் சேமித்தான்.

மெக்சிகோவில், கரீபியன் கரையில், ஒரு ஹோட்டலில் நடந்த கலியாணம் அது. பெண் சிவகௌரி சிட்னியில் நார்த்மீட்காரி. மாப்பிள்ளை தனோஜன் மெல்பர்ன். மாப்பிள்ளையின் சொந்தத்தில் பாதிப் பேர் ரொறொன்ரோவில் இருந்தார்கள். அவர்களுக்கு மெக்சிகோ கிட்ட. ஐயரும் அங்கிருந்துதான் வந்தார். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் வந்தது. ஹோட்டல் வேலையாட்கள் விடியுமுன் எழுந்து, அழுகிய கடற்பாசியை வாரி ஒதுக்கிவிட்டு, மணலில் மணவறை கட்டிக் கொடுத்தார்கள்.

அருந்தவன் கலியாணப் படம் எடுக்கிறவன். யாரையும் நிறுத்தி வைத்து எடுப்பதில்லை. சிரிக்கச் சொல்வதில்லை. நடப்பதை நடக்கிறபடி எடுப்பான். எடுத்ததில் எதையும் சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. தன் இணையப் பக்கத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். சிவகௌரி அதைப் படித்துவிட்டுத்தான் அவனை அழைத்தாள்.

“அண்ணா, அப்பா செத்த பிறகு அம்மா ஒரு ஃபோட்டோவிலையும் இல்லை. கமராவைக் கண்டா ஒளிச்சிடுவா. நல்ல காரியத்தில தான் முன்னுக்கு நிக்கக் கூடாதாம். நான் சண்டை பிடிச்சுப் பாத்திட்டன், வேலைக்காகாது. நீங்க போஸ் பண்ணச் சொல்ல மாட்டீங்கதானே. அவவுக்குத் தெரியாம எடுத்துத் தாங்க. ஜஸ்ட் வன். மற்றது எப்பிடி வந்தாலும் பரவாயில்லை.”

“ஓம், எடுத்துத் தாறன்” என்று சொல்லியிருந்தான்.

அந்த அம்மாவின் பெயர் யோகா. கலியாணத்தன்று விடியற்காலை பந்தலுக்கு வெளியே, தென்னைக்குப் பின்னால் நின்றார். கலியாண வீட்டில் படம் எடுக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. அவர் கூப்பிட்டார். கையில் கடதாசித் தட்டில் இட்லி வைத்திருந்தார்.

“தம்பி, சாப்பிட்டிட்டீங்களோ?”

“பிறகு சாப்பிடுறன் அன்ரி.”

“பிறகெண்டால் சட்டிதான் மிஞ்சும். பிடியுங்கோ.”

அவன் நின்றபடியே சாப்பிட்டான். அவர் அவனுடைய கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தார். “நீங்களும் நானும் ஒரு கூட்டம், தம்பி. ரெண்டு பேரும் படத்தில இல்லை” என்று சொல்லிச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

தாலி கட்டும்போது ஐயர் குரலை உயர்த்தினார். எல்லாரும் எழுந்தார்கள். எல்லாருடைய கண்ணும் மாப்பிள்ளையின் விரல்களில் இருந்தது. அப்போது கடல் பக்கத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து யோகா வெளியே வந்தார். அப்போதுதான் எழும்பிய சூரியன் அவருக்குப் பின்னால் இருந்தது. மூடிய கையில் மஞ்சள் அரிசியோடு வலது கையை உயர்த்தினார். சிரித்தார், பல் தெரிய. அருந்தவன் அழுத்தினான். அடுத்த படத்தில் அவர் இல்லை. தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவன் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது. அது அவனுக்கு அங்கேயே தெரிந்தது.

ஊர் திரும்பியதும் மாதிரிக்கென்று முதலில் சில படங்களை மாப்பிள்ளையின் தாய் ரஞ்சினிக்கு அனுப்பினான். உடனே அழைப்பு வந்தது.

“எல்லாம் வடிவு தம்பி. என்ர பல்லைத்தான் இவ்வளவு வடிவா எடுத்திருக்கத் தேவையில்லை. அதை விடுவம். அந்தத் தாலிகட்டுப் படம், அதைத்தான் பெரிசாப் போட்டு வீட்டு ஹோலில மாட்டப் போறன். அதில அவ நிக்கிறா, கையைத் தூக்கிக்கொண்டு. நான் அவவைக் குறை சொல்லேல்லை, பாவம். ஆனா நாளைக்குப் பிள்ளையளுக்கு ஏதும் ஒண்டெண்டால் என்ர மனம்தானே கிடந்து அடிக்கும். இப்ப கொம்பியூட்டரில எடுத்து விடலாம்தானே?”

நான் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தான். “ஓம் அன்ரி” என்று வந்தது. மிக இலேசாக வந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டில் ஒரு படமும் மறு வீட்டில் வேறு படமும் இருந்தால் கேள்வி வரும். ஆகவே சிவகௌரிக்கும் அழித்த படத்தையே அனுப்பினான்.

“அம்மா ஒண்டிலையும் இல்லையா அண்ணா?”

“இல்லை தங்கச்சி. அவ நல்லா ஒளிச்சிட்டா.”

“இட்ஸ் ஓகே அண்ணா. நீங்க ட்ரை பண்ணினீங்கதானே. தாங்க்ஸ்” என்றாள்.

அந்த நன்றியை அவன் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து கண்ணாடியில் முகம் மழிக்கும்போது கன்னத்தை மட்டும்தான் பார்த்தான்.

இன்று, சேமித்துவிட்டுப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது நிழல் மறுபடி மணலில் கிடந்தது.

முன்பைவிடக் கறுப்பாக. முன்பு ஒரு கட்டியாகத் தெரிந்த கையில் இப்போது மடங்கிய விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. தேநீர்க் கோப்பையை வைக்க இடம் தேடினான். மேசை முழுக்க இடம் இருந்தது.

கைபேசி அடித்தது. சிவகௌரி.

“அண்ணா, அம்மாவைக் காணேல்லை.”

“எங்க போனவ?”

“தெரியாது. நான் நேற்று நார்த்மீட்டுக்கு வந்தனான், அவவைப் பாக்க. மத்தியானம் குசினியில நிண்டவ. நான் மேல போயிட்டுக் கீழ வாறன், ஆளில்லை. கறி கொதிச்சபடி. செருப்பு வாசல்ல. கார் நிக்குது. கதவு உள்ளுக்குப் பூட்டினபடி.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “போலீஸ் ஃபோட்டோ கேக்குது அண்ணா. எங்களிட்ட ஒண்டும் இல்லை. பாஸ்போட்டில இருக்கிறது அப்பா இருந்த காலத்து முகம். வேற ஆள் மாதிரி. நீங்க எல்லாத்தையும் ஒருக்காப் பாருங்க, ப்ளீஸ். முகம் பக்கப்பாடா விழுந்திருந்தாலும் போதும்.”

“பாக்கிறன். லைன்ல நில்லுங்க.”

கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தான். தேடத் தேவையில்லை. மூலப் படம் அவனிடம் இருந்தது. கமராவிலிருந்து வந்தபடி, கை படாமல், தனியாக. அதை அனுப்பிவிடலாம். இப்போதுதான் கண்ணில் பட்டது என்று சொல்லலாம். அந்த நேரத்திலும் என்ன பொய் சொல்வதென்று தன் மனம் அடுக்கிக்கொண்டிருப்பதை அவன் கவனித்தான். காது மடல்கள் சுட்டன.

மூலப் படத்தைத் திறந்தான்.

மாப்பிள்ளையின் விரல்கள். சிவகௌரியின் குனிந்த கழுத்து. தூண். கடல். தூணுக்கு அருகில் யாரும் இல்லை. மணலில் நிழல்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இதை அவன் தொடவே இல்லை.

மற்றப் படங்களைத் திறந்தான். கூட்டத்தின் ஓரத்தில் அவருடைய சேலைத் தலைப்பு விழுந்திருந்த படம் ஒன்று இருந்தது. பந்திக்குப் பின்னால் முதுகு தெரிந்த படம் ஒன்று. தலைப்பு இல்லை. முதுகும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் நிழல் மட்டும் இருந்தது, எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் கமராவை நோக்கியே கிடந்தது, படத்துக்குப் படம் கொஞ்சம் நீண்டது, நாற்காலிக் கால்களையும் வாழையிலைகளையும் குழந்தைகளையும் கடந்து வந்தது. கடைசிப் படத்தில் அது சட்டத்தின் கீழ் விளிம்பைத் தொட்டது. அந்த விளிம்புக்கு வெளியே அன்றைக்கு அவனுடைய கால்கள் இருந்தன.

“அண்ணா, இருக்கா?”

“பாத்துக்கொண்டிருக்கிறன்.”

சூடேற்றி இரைந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அது அப்படி இரைவதில்லை. எழுந்து அதை நிறுத்தினான்.

இரைச்சல் நிற்கவில்லை.

அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. வேலை அறைக்கும் குசினிக்கும் நடுவே இருந்த கதவு திறந்திருந்தது. தேநீரோடு வரும்போது அதைக் காலால் சாத்திவிட்டு வந்திருந்தான். குளிர் காற்று வரவேண்டிய வழியில் சூடான காற்று வந்தது, ஈரமாக, உப்பாக, வேலையாட்கள் விடியற்காலையில் வாரிக் குவித்த கடற்பாசியின் அழுகல் மணத்தோடு. காலுறைக்குள் ஏதோ நெறுநெறுத்தது. குனிந்து தொட்டான்.

மணல்.

நிமிர்ந்தான்.

குசினி இருட்டில் வெளிச்சம் நின்றது. ஓர் ஆள் உயரம்.

அந்த உருவத்தின் ஓரக்கோட்டை அவனுக்குத் தெரியும். அவரை அழிக்க அவன் தூரிகையால் வரைந்த கோடு. தோளில் அவசரப்பட்டிருந்தான். சேலையின் கீழ்க்கரையில் ஒரு துண்டை அழிக்காமல் விட்டிருந்தான். அந்தத் துண்டு மட்டும் துணியாக இருந்தது. மேலே எல்லாம் காலை வெளிச்சம். வயிற்றில் மணல். நெஞ்சில் கடல். கடல் அசைந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் தூணின் ஒரு பகுதி இருந்தது. மென்பொருள் ஊகித்து வளர்த்த பகுதி. தூணில் சுற்றிய மாலையில் ஒரே பூ இரண்டு முறை வந்திருந்தது. அன்று அதைப் பார்த்திருந்தான். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தான்.

வலது கை உயர்ந்திருந்தது. கைக்குள் வானம்.

“தம்பி” என்றது அது. “சாப்பிட்டிட்டீங்களோ?”

அதே குரல். அதே கனிவு. அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் ஓடியிருப்பான்.

“அண்ணா?” கைபேசி பேசியது. “ஆர் அது?”

அவன் திரும்பிக் கைபேசியைப் பார்த்தான்.

“அது அம்மாவின்ர குரல். அண்ணா, அம்மா அங்கயோ நிக்கிறா?”

ஓம் என்றால் போதும். ஒரே சொல். ரஞ்சினியிடம் அவ்வளவு இலேசாக வந்த சொல். ஆனால் இதற்கு ஓம் என்றால் அடுத்தது கேட்பாள். எப்படி வந்தா. ஏன் உங்களிடம் வந்தா. தாலிகட்டுப் படத்தைச் சொல்லவேண்டி வரும். நல்லா ஒளிச்சிட்டா என்றதைச் சொல்லவேண்டி வரும். வாங்கிக்கொண்ட நன்றியைச் சொல்லவேண்டி வரும்.

உருவம் காத்து நின்றது. கடலின் இரைச்சல் தாழ்ந்தது. அதுவும் பதிலைக் கேட்க நிற்பதுபோல் இருந்தது.

“அண்ணா, ப்ளீஸ். அம்மாவோ?”

“இல்லை” என்றான். “இங்க ஒருத்தரும் இல்லை.”

முதலில் கடல் போனது. பிறகு மணல். நிலைப்படியிலிருந்த இருட்டு, இரண்டு பக்கமும் ஒழுகி வந்து, அந்த உருவத்தை நிரப்பியது. சுத்தமாக நிரப்பியது. கடைசியாகச் சேலையின் அந்தத் துண்டு, ஒரு விரற்கடை அளவு, தரையோரம் சற்று நின்றது. அதுவும் போனது.

கைபேசியில் அழுகை கேட்டது. “ஸொறி அண்ணா. எனக்கு எங்க பாத்தாலும் அவதான்” என்றாள். பிறகு இணைப்பு அறுந்தது.

அமைதி. நெடுஞ்சாலை. சூடேற்றியின் உலோகம் ஆறும் சத்தம். தரையைப் பார்த்தான். மணல் இல்லை. மணம் இல்லை. மூச்சை விட்டான்.

திரையில் தாலிகட்டுப் படம் இருந்தது. மாப்பிள்ளையின் விரல்கள். குனிந்த கழுத்து. தூண். கடல். தூணிலிருந்து முழங்கால் வரைக்கும் வெறும் மணல்.

நிழல் அங்கே இல்லை.

குசினிப் பக்கம் திரும்பினான். மேசை விளக்கு இப்போது அவனுக்குப் பின்னால் எரிந்தது. அவன் மெல்லக் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். அங்கிருந்து அது தொடங்கியது. சிமெந்துத் தரையில் நீண்டு, நிலைப்படியைத் தாண்டி, குசினிக்குள் போனது. சேலை கட்டியிருந்தது. வலது கை உயர்ந்திருந்தது.

அவன் ஓரடி பின்வாங்கினான். அதுவும் வந்தது.

இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தான். நிழலின் கை இறங்கவில்லை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவனுடைய தலையில், தோளில், மூடிய இமைகளின் மேல், ஈர மஞ்சள் அரிசி விழத் தொடங்கியது.