ஓடாத வரி

குளிர்கிடங்குக்குள் மாட்டிக்கொண்டவர் அடிக்கும் மணிக்கு அவன் சோதனையே எழுதவில்லை. ஆனாலும் நிரலில் அந்த மணிக்கான வரியின் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது.

மீன் வைக்கும் குளிர்கிடங்கின் கதவை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அவன் எழுதியது. சோதனை ஓட்டத்தில் எந்த வரி எத்தனை தடவை ஓடியது என்று காட்டும் கருவியைக் காலையில்தான் நிறுவியிருந்தான். ஓடினால் பச்சை, ஓடாவிட்டால் சிவப்பு. எண்பது சதவீதம் பச்சையானால்தான் முதலாளி கையெழுத்துப் போடுவார்.

மணி வரி பச்சை. அதற்குக் கீழே, பூட்டைத் திறக்கும் வரி சிவப்பு. பூஜ்யம். குளிரூட்டும் விசிறி ஓடும்போது உள்ளே மணி அடித்தாலும் பூட்டு திறக்காது; வெளிக் கைப்பிடிக்கு மட்டும்தான் திறக்கும். குளிர் வீணாகிறதென்று முதலாளி கத்தியதால் அவனே போட்ட நிபந்தனை அது.

"என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" கிடங்கில் பெட்டி தூக்கும் மச்சான், அவன் மனைவியின் அண்ணன், வாசலில் நின்றார்.

"உள்ள இருக்கற மணிய அடிச்சீங்களா மச்சான்?"

"எனக்கென்ன கிறுக்கா? இரு, லாரியில பத்துப் பெட்டி இறக்கிட்டு வந்துடறேன், சாப்பிடலாம்."

பழைய அறிக்கையை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். நாற்பத்தொன்று. மறுபடி. நாற்பத்தொன்று.

அரை மணியாகியும் மச்சான் வரவில்லை. போனை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினான். பூட்ஸ் மாட்டும் முன் கழற்றிப்போட்ட மச்சானின் செருப்பு கிடங்குக் கதவருகே கிடந்தது. வெளிக் கைப்பிடியை இழுத்துத் திறந்து, கவிச்சியும் பனிப்புகையும் முகத்தில் அறைய, பெட்டி வரிசைகளுக்குள் நுழைந்தான்.

"மச்சான்!"

யாருமில்லை. பின்னால் கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

கதவின் கீழ் இடுக்கு வழியாக, லாரியிலிருந்து திரும்பிய மச்சானின் பூட்ஸ் சத்தம். செருப்பு இழுபடும் சத்தம். "அதுக்குள்ள சாப்பிடப் போயிட்டானா? விட்டுட்டுப் போறான் பாரு." அவன் கத்தினான். விசிறி அந்தக் குரலை விழுங்கியது.

மணியை அழுத்தினான். ஒன்று. விசிறி ஓடியது. இரண்டு. மூன்று.

எண்ணக் கூடாது என்று நினைத்தான். எண்ணினான்.

முப்பத்தெட்டு. விரல் மடங்கவில்லை. முப்பத்தொன்பது, முழங்கையால். நாற்பது.

நிறுத்திவிடலாம். இத்தோடு. நின்றால் அந்த எண் பொய்.

கால் மடங்கியது. முன்னால் சரிந்தான். மணியின் இரும்புப் பொத்தானில் நெற்றி மோதியது.

மணி அடித்தது.

நெற்றித் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.